உதடு தடிச்ச மாதிரி இருக்கா?

அப்பா முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்பதைப் பார்த்த அன்றுதான் பல் விஷயம் வீட்டுக்குத் தெரியவந்தது. அவராகச் சொல்லியிருக்கவே மாட்டார். 35 வருடம் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டிகளுக்கு உள்வேலை பார்த்தவர். சுத்தியல் விரலில் பட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று ஒரு உதறு உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற ரகம். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கீழ்த் தாடையில் இடது கடைவாய்ப்பல் பாதி உடைந்து, மிச்சம் கறுத்துக் கிடந்தது. "எவ்ளோ நாளா?" என்றேன். "இருக்கும், ஒரு மாசம்" என்றார். அப்பாவின் ஒரு மாசம் நம் கணக்கில் ஆறு மாதம்.

அயனாவரத்தில் எங்கள் தெருமுனையில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருக்கிறார் ஒரு டாக்டரம்மா. வயது முப்பது சொச்சம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது அந்தக் கல்லூரி. நகரத்தில் பாதிப் பேரின் கடைவாய்ப்பல் அங்கேதான் போயிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "இதைக் காப்பாத்த முடியாது அங்கிள், எடுத்துடலாம்" என்றார். அப்பா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ரூட் கெனால் என்றால் நாலு தடவை வர வேண்டும். எடுப்பது ஒரே நாள் வேலை.

குறித்த நாளில் அப்பா வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்குப் போவதாக நினைப்பு. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்ட டாக்டர், "முதல்ல போய் நாலு இட்லி சாப்பிட்டு வாங்க" என்று எங்களை இறக்கிவிட்டார். மரக்கவைக்கிற ஊசி போட்டதும் மயங்கி விழுகிறவர்களில் பலர் இப்படிப் பட்டினியோடும் பயத்தோடும் வருகிறவர்களாம். மருந்தின் மேல் பழி விழும். "எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது" என்று சொல்லும் அத்தை, மாமா எல்லார் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள். உண்மையான ஒவ்வாமை இந்த மருந்துக்கு மிக அரிது. மயக்கமும் படபடப்பும்தான் பெரும்பாலும் 'ஒத்துக்காது' ஆகிவிடுகின்றன. அன்று என்ன நடந்தது, தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, கண் இருட்டியதா என்பதை டாக்டரிடம் பிரித்துச் சொன்னால் அவருக்கு வேலை சுலபம்.

இட்லியை வலது பக்கமாகவே மென்று முடித்துவிட்டு வந்தோம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், 150/90. காலை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டார். இதற்குள் என் கண் தட்டில் இருந்த குப்பியின் மேல் போயிற்று. 30 மில்லி கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி. மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகெயின் 2 சதவீதம், அட்ரினலின் 80,000க்கு 1.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எண்ணைப் பார்த்தால் கூட்டிக் கழித்துவிடுவேன். 2 சதவீதம் என்றால் 1 மில்லியில் 20 மில்லிகிராம். அட்ரினலினோடு சேர்த்துக் கொடுக்கும்போது எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்வரை போகலாம், மொத்தத்தில் 500ஐத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அப்பா 62 கிலோ. 434 மில்லிகிராம். அதாவது 21 மில்லிக்கு மேல். போடப்போவது 2 மில்லி. சரி, இந்தப் பக்கம் இடம் தாராளமாக இருக்கிறது.

அட்ரினலின்தான் என்னை உறுத்தியது. பி.பி. இருக்கிறவருக்கு, நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலினா? கேட்டே விட்டேன். டாக்டர் சிரித்தார். அந்த அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து சீக்கிரம் கரைந்து ஓடிவிடாமல் அங்கேயே பிடித்து வைக்கிறது. ரத்தப்போக்கும் குறையும். 80,000க்கு 1 என்பது 1 மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம், 2 மில்லிக்கு 25. இதய நோயாளிகளுக்குக்கூட ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராம்வரை போடுவார்கள். "சரியா மரத்துப்போகாம பல்லை இழுத்தா, அங்கிள் உடம்பே இதைவிட அதிகமா அட்ரினலின் கொட்டும் சார். அதுதான் பி.பி.க்கு ஆகாது" என்றார். இந்த வாக்கியத்தை அப்பா காதில் வாங்கிக்கொண்டாரா தெரியவில்லை. வாங்கியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் ஊசி போடும் விதமே வேறு. மேலே எலும்பு மெல்லிசு, பொடிப் பொடியாகத் துளை உள்ளது. பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் போட்டால் மருந்து எலும்புக்குள் ஊறி வேரைத் தொட்டுவிடும். (மேலண்ணத்தில் போடுவதுதான் உயிர் போகும். அங்கே சதை எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் மருந்துக்கு இடமே இல்லை.) கீழ்க் கடைவாய்ப் பக்கம் எலும்பு கருங்கல். ஊறாது. அதனால் நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற வாசலிலேயே மறிக்க வேண்டும். அந்த வாசல் வாயின் கடைசியில், காதுக்குப் பாதி வழியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு எலும்பின் குழிவைத் தடவிப் பிடித்து, எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பல்மேல் சிரிஞ்சைச் சாய்த்து, நீள ஊசியை உள்ளே அனுப்பினார். எலும்பு தட்டியது. பிஸ்டனைத் துளி பின்னால் இழுத்துப் பார்த்தார். ரத்தம் வந்தால் ஊசிமுனை ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள். வரவில்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினார். வேகமாக அழுத்தினால் சதை பிரிகிற வலி. நிதானமாகப் போடுகிறவர்தான் நல்ல கைக்காரர்.

அப்புறம் கன்னத்துப் பக்க ஈறுக்குத் தனியாக ஒரு குத்து. அது வேறு நரம்பு.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கேள்வி வந்தது. தமிழ்நாட்டில் பல் பிடுங்கிய எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்வி.

"அங்கிள், உதடு தடிச்ச மாதிரி இருக்கா?"

"ம்."

"நாக்கு பாதி?"

"ம் ம்."

பல்லைப் பிடுங்க வந்துவிட்டு உதட்டைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். தாடைக்குள் போகும் நரம்பு கடைவாய்ப் பற்களுக்கெல்லாம் கிளை கொடுத்துவிட்டு, முகவாய்க்குப் பக்கத்தில் ஒரு துளை வழியாக வெளியே வந்து கீழுதட்டில் முடிகிறது. வாசலில் அடைத்தால் கடைக்கோடியில் இருக்கும் உதடும் மரக்கும். தெருமுனையில் வால்வை மூடியதும் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்பதுபோல. தடித்த மாதிரி என்று கேட்பதிலும் காரணம் இருக்கிறது. 1999ல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள் சிலரின் கட்டைவிரலையும் உதட்டையும் மரக்கவைத்துப் பார்த்தார்கள். மரத்த பகுதி நிஜ அளவைவிடப் பெரிதாகிவிட்டதாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. உணர்வு வராத இடத்தை மூளை ஊதிக் காட்டுகிறது. கண்ணாடியில் பார்த்தால் உதடு எப்போதும்போல இருக்கும்.

டாக்டர் கூர்முனைக் கருவி ஒன்றால் ஈறைக் குத்திப் பார்த்தார். "வலிக்குதா?" அப்பா தலையை ஆட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. நானே நம்பிவிட்டேன். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. கருவியை எடுத்துவிட்டு, நாற்காலியின் மறுகோடியைப் பார்த்தார்.

"அங்கிள், கால் கட்டைவிரல் ஏன் மடங்குது?"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறிப் படுத்திருந்தார். பத்து விரலும் உள்ளங்காலைப் பார்த்து வளைந்திருந்தன.

"மரத்துடுச்சிம்மா, நீ எடு" என்றார், பஞ்சு அடைத்த குரலில்.

"நீங்க சொல்றீங்க, உங்க கால் சொல்லலையே."

இன்னொரு 2 மில்லி போட்டார். இந்த முறை ஊசியைக் கொஞ்சம் மேலே தூக்கி. கீழ்த் தாடை ஊசி முதல் தடவையே சரியாக இறங்காமல் போவது சகஜம். எல்லார் எலும்பிலும் வாசல் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. என் நோட்டில் லிக்னோகெயின் 80 மில்லிகிராம், அட்ரினலின் 50 மைக்ரோகிராம் ஆயிற்று. 40ஐத் தாண்டிவிட்டதே என்று மனசுக்குள் சின்னக் குடைச்சல். அப்பாவுக்கு இதயக் கோளாறு கிடையாது, அந்தக் கணக்கு அவருக்கானதும் இல்லை. ஆனாலும் பி.பி. மெஷினைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். டாக்டரும் பார்த்தார். ஏறவில்லை. பத்து நிமிடத்தில் விரல்கள் தாமாக நிமிர்ந்தன. பல் வெளியே வரும்போது அப்பா கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இதை எங்கே கற்றார் என்று கேட்டேன். கல்லூரியில் தினமும் பல் பிடுங்கிப் பிடுங்கி வந்த பழக்கமாம். நம் ஊர்க்காரர்கள் டாக்டரிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மரியாதை, பயம், வெளியே காத்திருப்பவர்களின் வரிசை, "நம்மளால லேட்டாவுதே" என்ற கூச்சம். எல்லாம் சேர்ந்து "ம்" ஆகிவிடும். முகத்தை அடக்கத் தெரிந்தவர்களுக்கும் காலை அடக்கத் தெரியாது.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் 'ம்' சொல்லிக் கெட்டவர்களில் நானும் ஒருவன்.

2009 என்று நினைவு. அப்போது கிண்டிப் பக்கம் வேலை. மார்ச் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம். கன்னம் வீங்கி, கண்வரை இழுத்தது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்கே எடுத்துடுங்க" என்று நான்தான் கெஞ்சினேன். மூன்று ஊசி போட்டார்கள். மரக்கவில்லை, அல்லது அரைகுறையாக மரத்தது. "ஓகேவா?" என்று கேட்டார் அந்த டாக்டர். நாலாவது ஊசிக்குப் பயந்து "ம்" என்றேன். அதற்குமேல் எழுத வேண்டாம். நாற்காலியின் கைப்பிடியில் ரெக்சினைக் கிழித்துவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பல வருடம் மருந்து மட்டம் என்றே சொல்லித் திரிந்தேன்.

சீழ் பிடித்த இடத்தில் ஊசி ஏன் எடுபடாது என்பதை அப்பாவுக்குப் பஞ்சு கடிக்கக் கொடுத்த முக்கால் மணி நேரத்தில்தான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வலி என்பது நரம்பில் ஓடும் மின்சாரம். நரம்பின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்று குட்டிக் குட்டி வாசல்கள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் மின்சாரம் நகரும். லிக்னோகெயின் அந்த வாசலை வெளியிலிருந்து சாத்துவதில்லை. சுவரைக் கடந்து வீட்டுக்குள் போய், உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிறது. சுவரைக் கடக்க வேண்டுமானால் மருந்தின் மூலக்கூறு மின்னூட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். நல்ல சதையில் போட்ட மருந்தில் ஏறக்குறைய கால்வாசி அப்படி இருக்கும், அது போதும். சீழ் பிடித்த சதை புளித்துப்போன சதை, அமிலம். அங்கே போட்டதும் பெரும்பாலான மருந்து மின்னூட்டம் ஏறி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். வீங்கிய இடத்தில் ரத்த ஓட்டமும் அதிகம். இருக்கிற மருந்தையும் அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் இரண்டு மூன்று நாள் மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டால் சீழை வடித்து, வீக்கம் வடிந்த பிறகு வா என்கிறார்கள். பணம் பறிக்கத்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சிலர் அப்படியும் இருக்கலாம், அது வேறு கதை.

வலி போனபிறகும் அழுத்தம் மட்டும் ஏன் தெரிகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. வலியைக் கடத்தும் நரம்பிழைகள் மெல்லியவை, முதலில் அடங்கும். அழுத்தத்தைக் கடத்துபவை தடிமன், கடைசிவரை முழித்திருக்கும். பல்லை ஆட்டும்போது தாடையே பெயர்ந்துவருவதுபோல இருப்பது அதனால்தான். அது வலியா, அழுத்தமா என்று நாற்காலியில் இருப்பவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். எல்லா முனையிலும் ஒரு நாக்கு வந்து நிற்கிறது. கோகோ இலையிலிருந்து கோகெயினைப் பிரித்தெடுத்த ஆல்பெர்ட் நீமன் 1860ல் அதை ருசித்து, நாக்கு மரத்ததைக் குறித்து வைத்தார். 1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண்ணில் சொட்டவிட்டு அறுவை சிகிச்சைக்கு வழி காட்டினார். அதே ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த் தாடை நரம்பில் கோகெயினை ஊசியாகப் போட்டுவிட்டார். அன்று அப்பாவுக்குப் போட்டது கிட்டத்தட்ட அதே ஊசிதான், மருந்துதான் வேறு. ஹால்ஸ்டெட்டும் சகாக்களும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுச் சோதித்து, போதைக்கு அடிமையானார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறுவை மருத்துவரானபோதும் அந்தப் பழக்கத்திலிருந்து அவரால் முழுதாக மீள முடியவில்லை. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் போதை தராத நோவோகெயினை உண்டாக்கினார். நல்ல மருந்து, ஆனால் சோம்பேறி. மரக்க நேரமாகும், சீக்கிரம் தெளிந்துவிடும்.

எனக்குப் பிடித்த கதை ஸ்டாக்ஹோமில் நடந்தது. 1930களில் பார்லிப் பயிரின் ஒரு வேதிப்பொருளைத் துரத்திக்கொண்டிருந்த ஹோல்கர் எர்ட்மன், செய்த பொருளை அந்தக் காலப் பழக்கப்படி நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்தது. அவரிடம் இருந்த நில்ஸ் லோஃப்கிரென் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக ஒவ்வொரு மாற்றுப் பொருளாகச் செய்துபார்த்தார். 1943ல் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற மாணவர் அதில் ஒன்றைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டு சோதித்தார். இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அதற்கு எல்.எல்.30 என்று பெயர். 1948ல் சைலோகெயின் என்று கடைக்கு வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பழைய நர்சம்மாக்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். லிக்னோகெயின், லிடோகெயின் எல்லாம் அதேதான்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது நமக்கும் புதிதில்லை. பாட்டி சொத்தைப் பல்லில் கிராம்பைக் கடிக்கச் சொல்வாள். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் அக்கரகாரம் கேட்டால் விரல் நீள வேர்த்துண்டு தருவார்கள். மென்றால் எச்சில் ஊறி, நாக்கு விறுவிறுத்து, அப்புறம் மரத்துப்போகும். ஊசியளவுக்கு ஆழம் போகாது, பல் பிடுங்க உதவாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பல்வலி வந்தால் எந்த கிளினிக் திறந்திருக்கிறது?

அப்பாவின் முதல் பல் போன கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். 1973. அவருக்கு 23 வயது, வேலையில் சேர்ந்த புதிது. மெட்ராஸில் அப்போது சீனக் குடும்பங்கள் நடத்திய பல் கிளினிக்குகள் பிரசித்தம். அப்படி ஒன்றுக்குப் போயிருக்கிறார். ஊசி போட்டுவிட்டு, சுத்தமான மெட்ராஸ் தமிழில் "மரத்துச்சாப்பா?" என்று கேட்டாராம் அந்த சைனாக்காரர். மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிடும் என்ற பதற்றத்தில் அப்பா தலையாட்டிவிட்டார். பாதி மரத்தபோதே பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனார். "ஒரு சவுண்டு வுடல நானு" என்று முடியும் அந்தக் கதை. சின்ன வயதில் அதை வீரக்கதையாகக் கேட்டு வளர்ந்தவன்தான் கிண்டியில் ரெக்சினைக் கிழித்தேன்.

பல் எடுத்த அன்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியவை சில. இன்று முழுக்கத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வேண்டாம், சூடு வேண்டாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். சூடு வேண்டாம் என்பதை அப்பா மதிக்கவில்லை. பல் நரம்பு ஒரு மணி நேரத்தில் தெளியத் தொடங்கினாலும் உதடு தெளிய மூன்று முதல் ஐந்து மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் சூடான காபி உதட்டைச் சுட்டாலும் தெரியாது. டம்ளரைப் பிடுங்கி ஆற்றிக் கொடுத்தேன். உதடு ஒத்துழைக்கவில்லை, பாதிக் காபி பனியன்மேல். தங்கை பையனுக்கு ஆறு வயதில் இதே ஊசி போட்டபோது, மரத்த உதட்டை சூயிங்கம் மாதிரி மென்று வைத்துவிட்டான். சாயங்காலம் உதடு வெள்ளையாகப் புண்ணாகி, ஏதோ தொற்று என்று வீடே அலறியது. அதனால் அப்பாவையும் கண்ணிலேயே வைத்திருந்தேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருசா இருக்கா?"

"இல்லப்பா."

"எனக்கு இட்லி சைசுக்கு இருக்கு."

மூன்றரை மணிக்கு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் கன்னத்தில் கை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். மரப்பு தெளிய ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது.

"வலிக்குதாப்பா?"

"சேச்சே."

அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். வேட்டி கால்வரை மூடியிருந்ததால் விரல்கள் தெரியவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. சீரியலில் இரண்டு விளம்பர இடைவேளை போயிற்று.

"டேய்."

"என்னப்பா?"

"அந்த மாத்திரை எந்தக் கவர்ல வச்ச?"